பன்னிரண்டு சென்ட் யோசனை

பெரிய சொத்து கிடைத்தவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கு வக்கீல் உண்டு, குமாஸ்தா உண்டு, வழக்குப் போட இரண்டு பங்காளிகளும் உண்டு; யோசிக்கிற வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல வந்தது, சின்னச் சொத்து கிடைத்து அதை என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்களைப் பற்றி. எல்லாரும்தான் யோசிக்கிறோம், இவர்கள் அதையே உத்தியோகமாக எடுத்துக்கொண்டவர்கள். கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவர்களிடையே இந்த இனம் கொஞ்சம் அதிகம். அதன் பழக்கவழக்கங்கள் எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

அடையாளம் சுலபம். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் நன்மைகள், மறுபக்கம் ஆபத்துகள். இரண்டு மொழி படித்தவரானால் நன்மைகளை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பயம் மட்டும் தமிழில்தான் வரும்.

கும்மிடிப்பூண்டி அருணகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் பதினான்கு வருடமாக எழுத்தர். 1973-ல் அவருடைய பெரியம்மா கங்கம்மாள் காலமானபோது, ரோட்டோரமாக இருந்த பன்னிரண்டு சென்ட் நிலத்தை அவருக்கும் அவர் தங்கை சம்பூர்ணத்துக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டுப் போனாள். முள்ளும் இரண்டு பனையும் தவிர வேறெதுவும் வளராத துண்டு. ஆனால் ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஓர் இரும்புத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண்களோடு நின்ற சம்பூர்ணத்துக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு இட்லிப் பானை, நாலு பெஞ்சு. தொழிற்சாலை திறக்கிற அன்றைக்கு யார் அடுப்பு முதலில் புகைகிறதோ, அவர்கள் பக்கம்தான் ஆட்கள் போவார்கள்.

பஞ்சாயத்தில் லைசென்ஸ் வாங்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். கேட்டு எழுதினாள். அருணகிரியின் பதில் நான்கு பக்கம். கையெழுத்தும் இருந்தது, நான்காம் பக்கத்தில், ‘அன்புள்ள அண்ணன்’ என்பதற்குக் கீழே.

பிறகு இருபத்தொரு நாள் லீவில் நேரிலேயே வந்தார். வந்தவர் கைகால் கழுவுமுன் அவள் காகிதத்தை நீட்டினாள்.

“போட்டுட்டு சாப்புட ஒக்காருண்ணே.”

“போடத்தானே வந்திருக்கேன். எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டா நல்லதில்லையா.”

“இன்னா பாக்கணும்? முள்ளு கீது, பனமரம் கீது. நானு தெனம் பாத்துக்கினுதான் கீறேன்.”

பார்ப்பது என்றால் இந்த இனத்துக்கு நிலத்தைப் பார்ப்பது அல்ல, மனிதர்களைப் பார்ப்பது. பட்டணம் போய் வேறு ரயில் மாறி, கடம்பத்தூரில் இருந்த பழைய பள்ளித் தோழர் வீரராகவனைப் பார்த்தார். “விக்காதே, அதுல ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடு” என்றார் வீரராகவன். பொன்னேரியில் இன்னொரு தோழர் ஜோசப்பைப் பார்த்தார். “வித்துட்டுப் போய்ச் சேருப்பா, நீ அங்க, நிலம் இங்க, எதுக்குப் பேஜாரு” என்றார் ஜோசப். இங்கே ஒரு சாதாரண மனிதன் குழம்பியிருப்பான். அருணகிரி அதற்கும் ஒருபடி மேலே போனார்: வீரராகவன் சொன்னதை ஜோசப்புக்கு முழுசாக விளக்கி, ஜோசப் சொன்னதை மறுபடியும் ரயிலேறிப் போய் வீரராகவனுக்கு விளக்கினார். விளைவு, ஜோசப் கட்டச் சொன்னார். வீரராகவன் விற்கச் சொன்னார். தாள் புதிதாக எழுதப்பட்டது. முடிவெட்டுகிறவரைக் கேட்டார், பஸ் கண்டக்டரைக் கேட்டார், காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்கு போட்டிருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதரைக் கேட்டார். கேட்காதது சம்பூர்ணம் ஒருத்தியைத்தான். அவளைக் கேட்டு என்ன பயன்? அவளுக்குத்தான் தெளிவாக இருக்கிறதே.

பத்தொன்பதாம் நாள் காலை, தொழிற்சாலைச் சங்கு முதல்முறையாக ஊதியது. அருணகிரி எழுந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. ரோட்டுக்கு ஓடினார். பன்னிரண்டு சென்ட் அப்படியே இருந்தது. எதிரே, தொழிற்சாலை வாசலை ஒட்டின கொட்டகையில் புகை, கூட்டம், நடுவே தட்டு நீட்டுகிற சம்பூர்ணம்.

“இது யார் இடம்?”

“ஆதிகேசவன் நைனாவுது. லைசென்ஸ் அவரு பேர்ல கீது. மாசம் முப்பது ரூவா வாடகை.”

“நம்ம இடம் எதிர்லயே சும்மா கிடக்கு, நீ வாடகை குடுத்து...”

“சும்மா எங்கண்ணே கெடக்குது? அதுலதான் நீ யோசிச்சிக்கினு கீறியே. குந்து. ரெண்டு இட்லி வெக்கிறேன்.”

பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ஒருவர் சிரித்தார். சம்பூர்ணத்தின் காதில் கம்மல் இல்லை. எங்கே என்று அருணகிரி கேட்கவில்லை; கேட்டால் பதில் வந்துவிடும்.

உட்கார்ந்தார். அந்த பெஞ்சிலிருந்து அவர்களுடைய நிலம், இரண்டு பனையோடு, மிக நன்றாகத் தெரிந்தது. ஒரு வாய் உள்ளே போயிற்று. தட்டைக் கீழே வைத்தார்.

“அந்தக் காகிதத்தக் குடு. இப்பவே போட்டுடறேன்.”

“இப்ப எதுக்கு? ஆறு மாசத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், திருப்பித் தரமாட்டாரு. நீ ஊருக்குப் போயி பொறுமையா யோசிண்ணே.” சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குத் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

அருணகிரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மை. ஆனால் அந்த வெட்கத்தின் முதுகுக்குப் பின்னாலேயே, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு நிம்மதியும் வந்து நின்றது. ஆறு மாதம் கிடைத்திருக்கிறதல்லவா.

இவ்வளவையும் படித்துவிட்டு, உங்கள் மைத்துனர் ஒருவரையோ மேலதிகாரி ஒருவரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நான் உங்களைச் சொல்லவில்லை. உங்கள் விஷயம் வேறு. அதில் உண்மையாகவே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்னும் ஒருவரைக் கேட்டுவிட்டால் தீர்ந்துவிடும். கேளுங்கள். போகிற வழியில் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தவர் இன்னும் காத்திருக்கிறாரா, இல்லை, எதிரே எங்கேயாவது வாடகைக்குப் போய்விட்டாரா?