சங்கிலிக்காரனும் விசிறிக்காரியும்

மனைவி வடிவை வேலைக்கு அனுப்புவதில்லை என்று சண்முகசுந்தரம் முடிவெடுத்ததற்குக் கொள்கை எதுவும் காரணமல்ல. ஆவடி குவார்ட்டர்ஸில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதுதான் காரணம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் வடிவுக்குச் செக்கிங் வேலை கிடைத்திருந்தது. தைத்து வரும் சட்டையில் எங்கே பிசிறு, எங்கே கோணல் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு மணி ஷிப்ட். ஐந்து மணிக்கெல்லாம் ரயிலடியில் நிற்க வேண்டும்.

"திங்கக்கிழமை சேரச் சொல்லுதாவ அத்தான்."

"பிள்ளைய யாரு பாப்பா?"

"எதுத்த வீட்டு குப்பம்மாக்கா பாத்துக்கிடுவாவ. கேட்டாச்சு."

"சமையல்?"

"ராத்திரியே முக்காவாசி முடிச்சிருவேன்."

"தண்ணி?"

வடிவின் பார்வை குடத்திலிருந்து கிளம்பி, கணவரின் தோளுக்குப் போய், மறுபடி குடத்துக்குத் திரும்பியது.

நேராக 'கூடாது' என்று சொல்லச் சண்முகசுந்தரத்துக்குத் தைரியமில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் உப்புமாதான். தப்பிக்க வழி தேடிய கண் டி.வி. பக்கத்திலிருந்த கேம் பெட்டியில் விழுந்தது. பிள்ளைக்கு என்று பர்மா பஜாரில் வாங்கியது. பிள்ளை இரண்டாம் நாளே பாண்டி ஆடப் போய்விட்டாள். அப்பா மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்.

"சண்டை கேம்ல என்னை ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டு. வேலைக்குப் போ."

"எப்போ?"

"வார ஞாயித்துக்கிழமை."

"சரி. ஆனா நீங்க எப்பவும் எடுத்து ஆடுத குடுமிக்காரன் வேண்டாம். அவனைப் பழக்கி பழக்கி வச்சிருக்கீய. ரெண்டு பேரும் புது ஆளா எடுப்போம்."

கேசட்டில் சண்டைக்காரர்களின் பெயரெல்லாம் சீன எழுத்தில் இருந்ததால், பெயர் சூட்டியது இந்த வீட்டார்தான். சண்முகசுந்தரம் யோசித்து யோசித்து, கை நீளமான சங்கிலிக்காரனைத் தேர்ந்தெடுத்தார். வடிவு உடனே விசிறிக்காரியைக் காட்டினாள்.

"ஏன் அவ?"

"கலர் நல்லாருக்கு."

பாதிச் சண்டை முடிந்துவிட்டது என்று சண்முகசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

டாங்கித் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால் மற்றவர்களுக்கு அதை ஓட்டிக் காட்டுவது அவர் வேலை. புது ஆளும் புது மெஷினும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. முதலில் ஒவ்வொரு பட்டனாக. பிறகு இரண்டிரண்டாக. சங்கிலியைச் சுழற்றி வீச வேண்டுமென்றால் கட்டைவிரல் திசைப் பட்டன் மேல் கீழிருந்து முன்பக்கமாக ஒரு பிறை வரைந்துவிட்டு அடிக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பிறை வரைந்தார். சாப்பிடும்போது சாம்பார் சாதத்தின் மேலும் பிறை விழுந்தது.

எதிர்வீட்டு வேம்புலிக்கு இது பொறுக்கவில்லை. குப்பம்மாவின் கணவன். அதே தொழிற்சாலையில் வெல்டர்.

"இன்னா அண்ணாத்தே, பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கீறே. அல்லா பட்டனையும் அமுக்கு. எது நல்லா உழுதோ அத்த புட்ச்சிகினு அதையே அடி."

"அதெல்லாம் ஒரு ஆட்டமா வேம்புலி?"

"ஜெயிச்சா ஆட்டம்தான்."

வடிவு இந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை. பகலில் அவள் பெட்டியைத் தொடுவதேயில்லை. சாயங்காலம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தோற்பாள். மறுபடி தோற்பாள். விசிறியை விரித்துத் தடுப்பது எப்படி என்று ஒருநாள் கண்டுகொண்டாள். எந்தப் பட்டன் உதைக்கும் என்று மறுநாள். அதற்குமேல் கற்றுக்கொள்ள அவள் ஆசைப்பட்டதாகவே தெரியவில்லை.

"டி.வி.யப் பாருளா. என் மூஞ்சில என்ன இருக்கு?"

"பாக்க நல்லாருக்கு."

கல்யாணமாகி எட்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அன்றைக்குச் சண்முகசுந்தரம் அவளை இன்னும் இரண்டு ஆட்டம் கூடுதலாகத் தோற்கடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேம்புலியும் குப்பம்மாவும் நடுவர்களாக வந்து உட்கார்ந்தார்கள்.

சண்முகசுந்தரம் பிறை வரைந்தார். சங்கிலி பறந்தது. விசிறி அதற்கு முன்பே விரிந்திருந்தது. சங்கிலி திரும்பி வருவதற்குள் ஓர் உதை. மறுபடி பிறை. மறுபடி விசிறி, உதை. எகிறிக் குதித்து வீசினார். குனிந்து வீசினார். எப்படி வீசினாலும் விசிறி முன்கூட்டியே வந்து காத்திருந்தது. அவர் ஒரு வாரமாகப் பழகிய வித்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து உதை வாங்கிக்கொண்டு போயின. கடைசி உதையில் சங்கிலிக்காரன் மல்லாந்தான்.

"அண்ணாத்தே காலி," என்றான் வேம்புலி.

"எப்படிளா? நான் வீசுததுக்கு முன்னாலயே மறைக்கியே."

"வீசுததுக்கு முன்னால உங்க நாக்கு நுனி வெளிய வருதுல்லா. இடது கடைவாயில."

"சங்கிலிக்காரன் எனக்குப் புது ஆளு. இந்த ஒரு வாரத்துலயா இதைக் கண்டுபிடிச்ச?"

"ஆளைத்தான மாத்துனீய, நாக்கை மாத்தலியே. எட்டு வருசமாப் பாக்கேன். ஓவர்டைம்னு சொல்லிட்டுச் சீட்டாடப் போறதுக்கு முன்னாலயும் இப்படித்தான் எட்டிப்பாக்கும்."

குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

திங்கட்கிழமை விடியற்காலை வடிவு ரயிலுக்குக் கிளம்பிப் போனாள். சண்முகசுந்தரம் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு குழாயடி வரிசையில் நின்றார். வரிசையில் அவர் ஒருவர்தான் ஆண்.

"இன்னாண்ணா, ஊட்ல தோத்துட்டியாமே," என்றாள் முன்னால் நின்றவள்.

சண்முகசுந்தரம் குடங்களைக் கீழே வைத்தார். நிமிர்ந்து நின்றார். பாவம் ஆசைப்பட்டாளே என்று நான்தான் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

குழாயில் தண்ணீர் வந்ததைக்கூடக் கவனிக்காமல், வரிசை மொத்தமும் அவருடைய இடது கடைவாயையே பார்த்துக்கொண்டிருந்தது.