அம்புக்குறி அண்ணனும் இரண்டு ஊரும்

வேலூர்க்காரர்களையும் ஆம்பூர்க்காரர்களையும் ஒரே நாளில் கடுப்பேற்றிவிட்டு, இரண்டு ஊரிலும் டீ வாங்கிக் குடித்து, அடிபடாமல் வீடு போய்ச் சேரக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அவருக்குப் பெயர் 'அம்புக்குறி'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

செக்கிங் பகுதியில் அவருக்கு வேலை. தைத்து முடிந்து வரும் ஷூவில் கீறலோ, நூல் பிசகோ, இடதுக்கும் வலதுக்கும் நிறத்தில் வித்தியாசமோ இருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டிக்கர் அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகும் அண்ணன் கை சும்மா இருக்காது, அதுதான் சிக்கல். கம்பெனி பஸ்ஸின் கிழிந்த சீட்டில் ஓர் அம்பு. கேன்டீன் தட்டின் நெளிவில் ஓர் அம்பு.

ஒருமுறை எங்களோடு வேலை பார்க்கும் பையனின் கல்யாணத்தில் மொய்க்கவரோடு மேடை ஏறினார். மாப்பிள்ளையின் இடது ஷூ வலதைவிட ஒரு துளி வெளுத்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது. சட்டென்று குனிந்தார். வயதில் மூத்தவர் காலில் விழுகிறாரே என்று மாப்பிள்ளை பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தக் கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை சிவப்பு அம்போடுதான் நிற்கிறான்.

அண்ணனுக்கு ஊர் மாதனூர். இந்தப் பக்கம் வேலூர், அந்தப் பக்கம் ஆம்பூர். நடுவில் குடியிருப்பதாலோ என்னவோ, எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊரில் குறை சொல்வதைத் தன் கடமையாக வைத்திருந்தார். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவும்போது கடைக்காரரிடம் சொல்வார்:

"பிரியாணி ஓகே பாய். தொட்டுக்கக் குடுத்த கத்திரிக்கா தான் டேஸ்ட் கம்மி. வேலூர் பக்கம் முள்ளு கத்திரிக்கா இருக்குது பாருங்க, அத்தப் போட்டுட்டு அப்புறம் பேசுங்க."

"அப்ப வேலூருக்கே போய் சாப்ட்டுக்கோ!" என்பார் பாய்.

போவார். அங்கே லாங் பஜாரில் பைக்குகளுக்கு நடுவே ஒரு கைவண்டி சிக்கி நிற்கும். "இதே ஆம்பூரா இருந்தா இந்நேரம் நாலு பேர் வந்து வண்டியத் தூக்கி ஓரமா வச்சிருப்பாங்க" என்பார்.

"நீ இன்னாத்த பாத்துகினு நிக்கிற? தூக்கு!" என்றான் வண்டிக்காரன் ஒருநாள். தூக்கினார். இரண்டு நாள் இடுப்பு வலி. மூன்றாம் நாள் ஆம்பூர் டீக்கடையில் அண்ணன் குரல் கேட்டது: "வேலூர்ல சும்மா நிக்கிறவனயும் வேல வாங்கிடுவாங்கப்பா. அந்த சுறுசுறுப்பு இங்க ஏது?"

"ணா, எந்த ஊரு தான் ஒசத்தி?" என்று கேட்டேன்.

"செக் பண்ணிகினே இருக்கேன் தம்பி. இன்னும் ரிசல்ட் வரல."

அந்த ரிசல்ட் எனக்கு அவசரமாகத் தேவைப்படும் நாள் வந்தது. நான் நாட்றம்பள்ளிக்காரன். கம்பெனியில் ஏற்றுமதி பேப்பர்கள் பார்க்கிற வேலை. என் மனைவி மீனாவுக்கு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. கல்யாணமாகி ஒரு வருடம், அவள் அங்கே ஹாஸ்டலில், நான் ஆம்பூரில் ஒரு ரூமில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் புருஷன் பெண்டாட்டி. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். ஒரு வீடு பார்த்தே ஆக வேண்டும். எந்த ஊரில் என்பதுதான் சண்டை.

"ஆம்பூர்ல இருப்போம். நீ பஸ்ல போய்ட்டு வா" என்றேன் போனில்.

"ஏன், நீங்க போய்ட்டு வாங்களேன்" என்றாள்.

"அப்ப வேலைய விட்டுடு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் போனை வைத்தாள். ஒன்பது நாள் எடுக்கவேயில்லை.

விஷயம் தெரிந்த அண்ணன், அவரே அவளுக்குப் போன் போட்டார். "நான் ரெண்டு ஊர்லயும் வீட்ட செக் பண்றேம்மா. நான் சொல்றது தான் பைனல்." அம்புக்குறியின் புகழ் அவளுக்கும் தெரியும். வந்தாள்.

ஆம்பூரில் நான் பார்த்து வைத்திருந்த வீட்டில் அண்ணன் ஒரு மணி நேரம் குறை தேடினார். சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்தார், ஜன்னலை இழுத்துச் சாத்தினார். ஓர் அம்பு ஒட்டக்கூட இடம் கிடைக்காமல் முகம் வாடிப்போய்விட்டது. எனக்கோ கொண்டாட்டம்.

அங்கிருந்து மூவரும் கூட்டமான பஸ் பிடித்து, நின்றபடியே வேலூர் போனோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு, மொட்டைமாடிக்குக் கீழே இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. குழாய் தண்ணீருக்குப் பதிலாக இருமியது. ஏழு அம்பு ஒட்டினார். வீட்டுக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. "யாருய்யா இந்த ஆளு?" என்று ஹவுஸ் ஓனர் கத்திக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மீனா வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். அண்ணன் அவள் காலைப் பார்த்தார். வீங்கியிருந்தது. வார் அழுத்திய தடம் சிவந்து பள்ளமாகப் பதிந்திருந்தது.

"காலைல இந்தச் செருப்பு சரியா இருந்துச்சாம்மா?"

"இருந்துதுணா. பஸ்ல நின்னுகினே வந்தேன், அதான்."

அண்ணன் ஸ்டிக்கர் அட்டையைப் பைக்குள் போட்டார். "வேலூர் பாஸ்" என்றார்.

"ணா! ஏழு அம்பு ஒட்டியிருக்கீங்க!"

"வெயிலுக்கு ஃபேன் இருக்குது. தண்ணிக்கு மோட்டார் இருக்குது. இந்தக் காலோட தெனம் ரெண்டு வாட்டி பஸ்ல நிக்கறதுக்கு இன்னா இருக்குது, சொல்லு? ஷூல டிஃபெக்ட்னா திருப்பி அனுப்பலாம். காலத் திருப்பி அனுப்புவியா? உன் காலு நல்லாத்தானே இருக்குது? நீ போய்ட்டு வா."

வருடம் முழுக்க ஷூ ஏற்றுமதி செய்கிற நான், அவள் காலை ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. படி இறங்கும்போது அவள் பையை வாங்கிக்கொண்டு, "தப்பா பேசிட்டேன்" என்றேன்.

"ஃபேன் மட்டும் பெருசா வாங்குங்க" என்றாள் மீனா.

மகள் இப்போது அந்த வீட்டில் தவழ்கிறாள். மீனா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறாள். நான் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய் வருகிறேன். மாதனூரில் ஏறுகிற அண்ணன் வழி நெடுக வேலூரைப் புகழ்வார். சாயங்காலம் திரும்பும்போது ஆம்பூரை. அந்த மனுஷர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். பள்ளிகொண்டா தாண்டியதுமே பக்கத்து சீட்டில் என் பையை வைத்து இடம் பிடித்துவிடுவேன். போன வாரம் காய்ச்சல் என்று இரண்டு நாள் அவர் வரவில்லை. இரண்டு நாளும் ஆம்பூர் வரைக்கும் அந்தப் பையை நான் எடுக்கவேயில்லை.