நாகிசாவின் ஓட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்த கேமரா

மிட்டோ,
மே கடைசி சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி.

அன்புக்குரிய மருமகன் நொரிஹிகோவுக்குத் தாய்மாமன் தோகுஜி எழுதிக்கொள்வது. இங்கே வயல்களில் நடவு முடிந்துவிட்டது, மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, நான் சுகம். குஷிரோவில் இன்னமும் ஸ்டவ் எரிகிறது என்று எழுதியிருந்தாய். மீன் ஆலைக் குளிரில் தனியாகக் கிடக்கிறாய், உடம்பைப் பார்த்துக்கொள்.

'மகள் நாகிசா ஆறாம் வகுப்பு, இதுதான் அவளுக்குத் தொடக்கப் பள்ளியில் கடைசி விளையாட்டு விழா, தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடுகிறாள், எனக்கோ லீவு இல்லை, அவள் அம்மா சாகியேவைப் பெற்றோர் சங்கத்தில் சைக்கிளுக்குக் காவல் போட்டுவிட்டார்கள், நீங்களே நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கி அவள் ஓடுவதை எடுத்து அனுப்புங்கள் மாமா, அதைப் பார்த்தால்தான் மனசு ஆறும்' என்று கேட்டிருந்தாயே, காரியம் முடிந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படம். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் நாலு படம் தேறியிருக்காது.

முதலில் கேமரா. ஸ்டேஷன் எதிரே ஆறு மாடிக் கடை இருக்கிறதே, அதில் நாலாவது மாடி முழுக்கக் கேமராதான். நான் உள்ளே நுழைந்ததுமே ஆள் விவரமானவர் என்று புரிந்துகொண்டு தலைமை விற்பனையாளரே ஓடிவந்தார். (சட்டையில் 'பயிற்சியில் இருப்பவர்' என்று அட்டை இருந்தது, அதெல்லாம் தன்னடக்கம்.) சின்னதாக ஒன்றைக் கையில் கொடுத்து, "இதுக்குள்ள கண்ணாடியே கிடையாதுங்க, அதனாலதான் இவ்வளவு சின்னது" என்றார். "தம்பி, நான் முப்பத்தெட்டு வருஷம் ஜல்லி லாரி ஓட்டினவன். கண்ணாடி இல்லாத வண்டியை எந்தப் போலீஸ்காரன் விடுவான்?" என்றேன். "இது வண்டி இல்லைங்களே" என்று வியர்த்துக்கொண்டு, பழைய கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி படக் படக்கென்று எழும்பும், இதில் வெளிச்சம் நேரே படம் பதிகிற தகட்டில் விழும், கண்ணால் பார்ப்பதே படமாக வரும் என்று விளக்கினார். எனக்குத் தெரியாததா, அவரைச் சோதித்தேன். பிறகு மூன்றை வரிசையாக வைத்தார். முதலாவதில் தகடு பெரிசு, ஆனால் அதற்குரிய தூர லென்ஸ் என் கெண்டைக்கால் பருமன், தள்ளிவிட்டேன். இரண்டாவது ரொம்ப ஒல்லி, ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் இல்லை, முதுகுத் திரை மட்டும்தான், மைதான வெயிலில் அதில் என் மூக்குதான் தெரியும், தள்ளிவிட்டேன். மூன்றாவதில் துவாரம் உண்டு, கனம் மூன்று சோற்று உருண்டை, கழற்றி மாட்ட இரண்டு லென்ஸ், ஒன்று கிட்டத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. "எவ்வளவு தூரத்துல இருந்து எடுக்கப்போறீங்க?" என்றார். "கயிறுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மருமகன் பொண்ணு" என்றேன். தூர லென்ஸை மாட்டி ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்க்கடையில் நூடுல்ஸ் சாப்பிடுகிறவர் மீசையில் ஒட்டிய எள் தெரிந்தது. இதுதான் என்று முடித்துவிட்டேன்.

இன்று விடியுமுன்பே பள்ளி வாசல் வரிசையில் நின்று, கேட் திறந்ததும் பாயை விரித்து இடம் பிடித்தேன். பக்கத்துப் பாயில் குராமொச்சி என்று ஒருவர், அவர் கேமராவில் இருந்த லென்ஸ் யானைத் தும்பிக்கை மாதிரி. என்னுடையதைப் பார்த்து, "என்ன அண்ணே, பேத்தி பொம்மையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றார். "உங்களது என்ன, கூரையில மழைத்தண்ணி இறங்குற குழாயா?" என்றேன். சிரித்துவிட்டார், நல்ல மனுஷன். காற்றில் மைதான மணல் பறக்க, நான் ஜாக்கெட்டைத் தலையோடு போர்த்துக்கொண்டு உள்ளேயே லென்ஸை மாற்றினேன், அறுவைச் சிகிச்சை மருத்துவர்கூட இவ்வளவு சுத்தம் பார்த்திருக்க மாட்டார். ஐந்தாம் வகுப்பு ஓடும்போது நாற்பது படம் எடுத்துப் பார்த்தேன். "அண்ணே, மூடியைக் கழட்டலை" என்றார் குராமொச்சி. "தெரியும், இருட்டு எப்படி விழுதுன்னு பார்க்கிறேன்" என்றேன்.

ஆறாம் வகுப்பை அழைத்ததும், அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீட்டார் மட்டும் முன்வரிசைக்குப் போனோம். சிவப்பில் இரண்டு அணி, வெள்ளையில் இரண்டு. கடைசி ஆளுக்குத் தோளில் பட்டை. அத்தனை பிள்ளைகளும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, தாடையில் ஒரே ரப்பர் வார், நானோ நாகிசாவைப் புத்தாண்டுக்குப் பிறகு பார்க்கவில்லை, வேறொருவன் திணறியிருப்பான். நான் தும்பிக்கையைப் பார்த்தேன். அது சிவப்புத் தொப்பியும் பட்டையுமாக ஒரு பிள்ளையை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. யார் என்று துவாரத்தில் பார்க்கிறேன், நம் நாகிசா! முழங்கையை வெளியே தள்ளி ஓடுகிறாள், அப்படியே நீ. ஊரார் வீட்டுப் பிள்ளையை இந்த மனுஷன் இவ்வளவு ஆசையாக எடுக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், தும்பிக்கை திரும்பிய பக்கமெல்லாம் நானும் திரும்பினேன். துவாரம் நிறைய அவள் முகம்தான்.

இரண்டாவதாக வந்தாள், அரை அடியில் போயிற்று. முன்னால் போனதும் ஒரு சிவப்புத் தொப்பிதான். அதன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. பிள்ளை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதது, அதில் முப்பத்தேழு படம். நொரிஹிகோ, மனசை விட்டுவிடாதே. நம் குடும்பத்தில் முதலிடம் யாருக்கும் வாய்த்ததில்லை, நானே லாரிச் சங்கக் கயிறு இழுப்பில் ஒன்பது முறை இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசும்போது 'பரவாயில்லை' என்று மட்டும் சொல், போதும்.

சாகியேவும் பிள்ளையும் நாற்காலிகளை வகுப்பில் அடுக்கிவிட்டுத்தான் வருவார்கள். ஐந்து மணித் தபாலைப் பிடிக்க வேண்டுமே என்று நிறைவு விழாவுக்கு நிற்காமல் வந்து உன் வீட்டுச் சமையலறையில் எழுதுகிறேன். தீயும் நோயும் அண்டாமல் நீ நன்றாக இருந்து, ஓபோன் பண்டிகைக்கு வீடு வந்து சேர்.

உன் நலம் நாடும் மாமன்,
தோகுஜி

பின்குறிப்பு: ஐந்து மணித் தபால் போய்விட்டது. நாகிசா வந்து கேமராவை வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, இது மாதோகா" என்றாள். "எந்த மாதோகா?" "குராமொச்சி மாதோகா. பக்கத்து கிளாஸ்." "அப்ப நீ எங்கேம்மா?" "முன்னாடி." "எதுக்கு முன்னாடி?" "எல்லாருக்கும் முன்னாடி, தாத்தா." ஆகவே, மேலே 'இரண்டாவது' என்று எழுதியதையும் ஆறுதல் சொன்னதையும் அடித்துவிட்டுப் படி. உன் மகள் முதலிடம். கண்ணைத் தூர லென்ஸுக்குள் விட்டிருந்ததால் பக்கத்தில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த அழுத பிள்ளையின் படங்களைக் குராமொச்சியிடம் கொடுத்துவிடுவேன், அவரிடம் இல்லாததா என்ன. கட்லெட் சோற்றுக்கு மாவு பிரட்டிக்கொண்டிருந்த சாகியே, சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த முட்டையைக் கீழே போட்டுவிட்டாள். உனக்கு ஒரே ஒரு படம், மூலைக் கடையில் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது மாதோகா, அவளை விடு. இடது ஓரத்தில் முடிவுக் கோட்டு வெள்ளை நாடாவும், அதில் மோதுகிற ஒரு முழங்கையும் தெரிகிறதா? "இது போதும் தாத்தா, அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறாள். முழங்கையை வெளியே தள்ளித்தான் ஓடியிருக்கிறாள். அது ஒன்றில் நான் பொய் சொல்லவில்லை.