மாப்பிள்ளை கையில் ஸ்டாப்வாட்ச்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மா சௌக்கியமாக இருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கே என் மனைவி நலம், உங்கள் மருமகள் நலம், உங்கள் குமாரர் மிகமிக நலம். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வார லீவு என்று வந்த மாப்பிள்ளை இரண்டு மாதமாக இங்கே இருக்கிறார். இருக்கட்டும், அவர் வீடு. சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக் கிடந்திருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். அவரோ வந்த கையோடு என் லாண்டரிக்குள் நுழைந்துவிட்டார், கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு. கல்யாணப் பேச்சு நடந்தபோது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்ன பிள்ளை, விஞ்ஞான மேலாண்மை என்று ஆரம்பித்தால் வாய் ஓய்வதில்லை. எந்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டுமாம், ஒவ்வொரு துண்டுக்கும் நேரம் பார்க்க வேண்டுமாம், வேண்டாத அசைவை வெட்டி எறிய வேண்டுமாம், எதற்கும் ஒரே ஒரு சிறந்த வழிதான் உண்டாம். நானும் மாப்பிள்ளை ஆயிற்றே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டுப்போனது.

முதலில் இஸ்திரி மேஜைகளை உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். சரி என்றேன். ஓட்டல் விரிப்புகளை மடிக்கும் மேஜையை உயர்த்தினார். மடிக்கிற அம்மாக்கள் இருவரும் இடுப்பு வலி போயிற்று என்று அவரை வாழ்த்தினார்கள். அதற்கும் சரி என்றேன். பிறகு என்னை அளந்தார். என் கடையில் நான் பார்ப்பது மேற்பார்வை. காலையில் துவைக்கிற அறையில் தொடங்கி, ஒவ்வொரு மேஜையாக நின்று, நாலு வார்த்தை பேசி, பழைய கதை ஒன்று சொல்லி, காலரை இன்னும் அழுத்தித் தேய் என்று சொல்லிக் கவுன்டருக்கு வந்து, மறுபடியும் முதலிலிருந்து போவேன். நான் நடந்ததையெல்லாம் மாப்பிள்ளை ஒரு பெரிய தாளில் சிவப்புக் கோடாகப் போட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டிவிட்டார். பார்த்தால் குழந்தை கையில் பென்சில் கிடைத்த மாதிரி இருந்தது. ஒட்டிவிட்டு, மிகப் பணிவாகச் சொன்னார்:

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்கெல்லாம் நிக்கிறீங்களோ, அங்கெல்லாம் வேலை நிக்குது."

மடிக்கிற அம்மாக்கள் ஒரு விரிப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். விரிப்பு குலுங்கியது.

ஒரு வாரம் நான் உள்ளே போகாமல் சோதித்துப் பார்க்கலாம் என்றார். கடை நாறிப்போகும், எல்லாரும் என்னைத் தேடி ஓடி வருவார்கள் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஒருத்தரும் வரவில்லை. விளக்கு வைத்த பிறகும் முடியாத வேலை சாயங்கால வெயில் இருக்கும்போதே முடிந்து, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். என் கதைகளுக்கெல்லாம் இத்தனை காலம் ரசித்துச் சிரித்த இஸ்திரிக்காரர் ஒருவர் உண்டு, மீசை என்றுதான் கூப்பிடுவோம். நான் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறதா என்று வழியில் பிடித்துக் கேட்டேன். காதுக்கு நல்ல ஓய்வாக இருக்கிறது முதலாளி என்று சொல்லிவிட்டுப் போகிறார், பாவி மனுஷன்!

வயிறு எரிகிறது சம்பந்தி. நான் கட்டிய கடை. உள்ளே விடாவிட்டால் வாடிக்கையாளராகவாவது போகிறேன் என்று என் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கவுன்டரில் நின்றேன். கவுன்டர் பெண் சட்டையை வாங்கி, பில்லைக் கொடுத்து, நாளைக்கு வாங்க சார் என்றாள். சாராம்! காத்திருக்கிறேன் என்று உட்காரப் பார்த்தால் நாற்காலியைக் காணோம். நாற்காலி இருந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் பேசுவார்கள் என்று மாப்பிள்ளை எடுத்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று இதையெல்லாம் சொல்லிப் புலம்பினேன். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு, "நான் இத்தனை வருஷமா வாயால சொன்னேன், நீங்க கேக்கல. மாப்பிள்ளை கடிகாரத்தை வெச்சு சொல்லிட்டார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள்.

ஆகையால் தாங்கள் பெரிய மனது வைத்து உங்கள் குமாரரை உடனே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய ஆபீசுக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் ஆளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொல்ல வேண்டும். நம்பர் கீழே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும், பக்கத்தில் நின்று யாரும் நேரம் பார்க்காமல், நீண்ட நாள் நிம்மதியாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: ஆபீஸ் நம்பரை உங்கள் மருமகளிடம் கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். விடாமல் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதாள். "அந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்கப்பா. அங்க வேற ஒருத்தர் வந்து இவரையே அளந்துட்டாங்க" என்றாள். வேண்டாத ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். லீவெல்லாம் இல்லையாம், வேலையே போய்விட்டதாம். உங்களிடமும் சொல்லவில்லையாம். மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவரைக் கூப்பிடவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள், நானும் காட்டிக்கொள்ளப் போவதில்லை. நாளைக் காலையில் அவரிடம் போய், கடையில் என்னவோ சரியில்லை மாப்பிள்ளை, நீங்கள் வந்து பார்த்தால்தான் ஆகும் என்று சொல்லப் போகிறேன். அளக்க வேறொன்றும் பாக்கி இல்லை என்றால், நானே உள்ளே போய் மறுபடியும் நடக்கிறேன்.