பாதியும் பாதியும்

இரண்டு பாதியும் பொருந்தவில்லை.

ஒரே பையில், ஒரே எண்ணோடு வந்தவைதான். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் நீந்தி, செத்து, கல்லாகிப்போன சுருள் ஓடு. அம்மோனைட் என்று பேர். ஜீப்பில் மலைப்பக்கம் போகிறவர்கள் பொறுக்கி வருவார்கள். அதன்மேல் அப்பியிருக்கும் பாறையைத் துடிக்கும் ஊசி உளியால் மணிக்கணக்கில் கொத்தியெடுப்பது அவள் வேலை. ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில், தனியாக. பதினோரு மாதமாக அவளிடம் அதிகம் சத்தம் போட்டது தூசி உறிஞ்சும் மெஷின்தான். மேல்மாடியில் அவளுக்கு 'பேஸ்மென்ட்' என்று பெயர்.

"பட்டம் வாங்கியும் கல்லுதான் உடைக்கிறியா? உங்கப்பா படிக்காமலேயே உடைச்சாரே" என்றாள் அம்மா போனில்.

இந்தக் கல்லைப் பழுதில்லாமல் முடித்தால் அடுத்த முறை ஜீப்பில் அவளுக்கும் இடம் என்று புரொபசர் சொல்லியிருந்தார். வெயில் பார்த்து எத்தனை நாளாயிற்று. நாலு பேர் நடுவே உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று. விடுவாளா?

விளிம்பைக் கொஞ்சம் ராவினாள். இடைவெளி பெரிதானது. மறுபாதியை ராவினாள். இன்னும் பெரிதானது. பசையைக் குழைத்து அடைத்தாள். காய்ந்ததும் வெள்ளைப் பட்டையாகப் பல்லிளித்தது. கல்தூளைக் கலந்து பூசினாள். இப்போது பார்த்தால், ஒரு பாதியில் ஓட்டின் வரிகள் நெருக்கம், மறுபாதியில் அகலம். பூசிய இடத்தில் நடுத்தரமாக நாலு வரி செதுக்கி இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் பண்ணிவைத்தாள்.

வசவுக்குத் தயாராகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். புரொபசர் லென்ஸில் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"பாதி வழியில வரி மாறுறது இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லம்மா. இது புது இனம்."

"சார், நடுவுல கொஞ்சம் நான்..."

"அடக்கமெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்."

முழுதாகச் சொன்னால் ஜீப் போய்விடும். மென்று விழுங்கிவிட்டாள்.

அதற்குள் புரொபசர் நாலு ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டார். இதே மாதிரி இன்னொன்று கிடைத்தால் உலகம் ஒப்புக்கொள்ளும்; கிடைக்கும்வரை யாரும் வீடு திரும்புவதில்லை என்று உத்தரவு. புது இனத்துக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறாராம். அதற்காக, பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, அவள் பெயர் என்னவென்று எல்லோரும் கேட்டார்கள்.

ஜீப்பில் அவளுக்கு முன் சீட். பின்னால் பாட்டும் கும்மாளமும். முகத்தில் வெயில் சுள்ளென்று அடிக்க, பொய்யோ மெய்யோ, இது போதும் என்றிருந்தது அவளுக்கு.

கியரை மாற்றிக்கொண்டே டிரைவர் அவள் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் சொன்னார்:

"அந்த ரெண்டு துண்டையும் பொறுக்கினது நான்தாம்மா. ஒண்ணு மலைக்கு இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கம். பை தீந்துபோச்சுன்னு ஒண்ணாப் போட்டேன்."