வால் டாக்டரின் எழுமலை ரேட்டு

மதுரையில் ஒரே மனிதர் ஊருக்கு ஊர் வேறு கூலி வாங்கி, அதற்காக உள்ளூரில் திட்டும் வாங்கினார் என்றால் அவர் எங்கள் தெரு வால் டாக்டர்தான். மிருக வைத்தியர். எந்தப் பிராணி வந்தாலும் முதலில் வாலைத்தான் பார்ப்பார்.

"மூஞ்சி நடிக்கும்யா, வால் நடிக்காது" என்பார்.

மதுரையில் அவருக்கு இரண்டு ரூபாய். எழுமலை வாரச் சந்தைக்குப் போனால் நாலணா! இதைக் கேள்விப்பட்டதும், நான் துணி கிழித்துக்கொண்டிருந்த ஜவுளிக்கடையின் முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. அவருடைய நாய்க்குக் காதில் புண். டாக்டர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்க, நாயை மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு எழுமலைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டும் கரி பஸ் ஏறினார். கண்டக்டர் நாய்க்கும் டிக்கெட் கிழித்தார்.

சந்தைப் புளியமரத்தடியில் வால் டாக்டர் முழங்கை வரை ரத்தமாக நின்றார். வேலாயி என்ற கூலிக்காரப் பெண்ணின் ஒரே பசு, கன்று போட முடியாமல் கிடந்தது.

"எம் பொழப்பே இதுதான்யா, காப்பாத்துங்க" என்று அவள் அழுதாள்.

முதலாளி நாயை நீட்டினார். "டாக்டர், இங்கன மட்டும் எப்படி இம்புட்டுக் கம்மி?"

"மதுரையில வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் எந்தலையில. இங்க மரத்துக்கு ஏது வாடகை? மாட்டைப் பிடிக்க ஊரே வரும். நாயைக் கீழ விட்டுட்டு நீங்களும் இழுங்கண்ணே!"

ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி கயிற்றைப் பிடித்தார். எல்லோரும் சேர்ந்து இழுத்ததில் கன்று வழுக்கி வந்து அவர்மேலேயே விழுந்தது. அசைவில்லை. வேலாயி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அதன் மூக்கைத் துடைத்து, உள்ளே வைக்கோலை விட்டுக் குடைந்தார்.

"தும்முடா கழுதை!"

கன்று தும்மியது. முதலாளி ஓவென்று அழுதுவிட்டார். சேறும் ரத்தமுமாக உட்கார்ந்து, கன்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் நாய்க்கு மருந்து. நாலணாதான்.

புண் ஆறியும் முதலாளி சந்தைதோறும் நாயோடு கிளம்பினார். டாக்டர் வாலைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வந்து இந்த மாட்டைப் பிடிங்க" என்பார்.

நானும் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போவேன். டாக்டர் கைபட்டு ஓர் உயிர் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தால், வாரம் முழுக்க மனசு நன்றாக இருக்கும்.