வெயிலைத் தேடிப் போன விருதுநகர்க்காரன்

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் வெயில் போதாமல் சிரமப்பட்டான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்புங்கள். அந்த அறிவாளி நான்தான்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. நாள் முழுக்க ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால். இப்படி உட்கார்ந்தே இருப்பவனுக்குத்தான் மலையேறுகிறவர்களின் வீடியோ ரொம்பப் பிடிக்கும். அதில் ஒருவர் முதுகுப்பையில் சோலார் தகடு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, காட்டுக்குள்ளேயே போன், கேமரா எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்றினார். மறுவாரமே அதேபோல் ஒன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான்காக மடிக்கலாம், விரித்தால் குளிக்கிற துண்டு அளவு வரும். மொட்டை மாடியில் விரித்தேன். நம்மூர் வெயிலாயிற்றே, பிரமாதமாக வேலை செய்தது. இரண்டு வாரம் என் மனைவிக்கு வத்தல் காயப்போட இடமில்லை.

அடுத்தது காடு. துணைக்குச் செல்வம் மச்சானைப் பிடித்தேன். அவர் என் மனைவியின் அண்ணன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். லீவு போட்டதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனைவி ஈஸ்வரி அக்கா ஏதாவது வேலை வைத்துவிடுவார் என்று பயம். அதனால் வழக்கம்போல சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பி வந்தார். நானும் என் மனைவியிடம் ஆபீஸ் நண்பர்களோடு போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

பவர் பேங்க் எடுத்துக்கொள்ளவா என்று மச்சான் கேட்டார். நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.)

"சூரியனே நம்ம கையில இருக்கு மச்சான். அது எதுக்குச் சுமை?"

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஓடை. ஆடி மாதம். மலைக்கு அந்தப் பக்கம் மழை. இந்தப் பக்கம் சாரலும் மேகமும். (மேகம் என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் ஊர்க்காரனுக்கு மறந்துபோயிருக்கும்.) மேகம் விலகினாலும் மரங்கள் விடவில்லை. காடு என்றால் நிழல் இருக்கும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. உள்ளங்கை அளவு வெயில் எங்கே தெரிந்தாலும் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விரித்து முடிப்பதற்குள் வெயில் அடுத்த பாறைக்குப் போயிருக்கும். சார்ஜ் ஏறுவதாகப் போன் காட்டியது. எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்ததையும் நானே, "வணக்கம் மக்களே" என்று பதினொரு தடவை வீடியோ எடுத்துத் தீர்த்தேன். என் போன் அணைந்ததும் மச்சானின் போனை வாங்கி எடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு அதுவும் போய்விட்டது.

ஒரு மணிக்கு மச்சான் எழுந்தார். கீழே டீக்கடையில் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

"சாப்பாட்டு நேரத்துல அவ ஒருக்கா போன் போடுவா மாப்ள. நான் எடுக்கலன்னா அவளுக்குச் சோறு இறங்காது."

பட்டாசு வேலைக்கு ஆள் போகிற எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். எனக்கும் தெரியும். ஆனால் அவர் டீக்கடையில் சார்ஜ் போட்டால் என் சோலார் தோற்றுப்போனதாக ஆகிவிடும். இன்னும் அரைமணி நேரம் பொறுங்கள், மேகம் விலகுகிறது என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அந்த அரைமணி நேரம் நான்கு மணி வரை நீண்டது.

டீக்கடையில் மச்சானின் போனைச் செருகினோம். சிவகாசிப் பக்கமா என்று விசாரித்த கடைக்காரர், ஏழாயிரம்பண்ணையில் மதியம் வெடிவிபத்தாமே என்றார். மச்சான் டீ கிளாஸைக் கீழே வைத்தார். போன் உயிர் பெற்றதும் வீட்டுக்குப் பேசினார். அக்காவின் போனை எடுத்தது என் மனைவி. "அண்ணே?" என்று கேட்டாள். மறுபடியும் "அண்ணே?" என்று கேட்டாள். அப்புறம் அழுகைதான்.

வெடித்தது மச்சானின் கம்பெனி அல்ல, பக்கத்துக் கம்பெனி. எந்தக் கம்பெனி என்று தெரியாமல், போனும் அணைந்திருக்க, அக்கா என் மனைவியைக் கூட்டிக்கொண்டு மச்சானின் கம்பெனி வாசலுக்கு ஓடியிருக்கிறார். செல்வம் இன்றைக்கு வேலைக்கே வரவில்லையே என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். தூக்கோடு கிளம்பிய மனுஷன் பிறகு எங்கே போனார்? ஒருவேளை பக்கத்துக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போயிருப்பார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி. அங்கே கொண்டுவந்திருந்த உடல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பார்த்திருக்கிறார்.

மச்சான்தான் பைக்கை ஓட்டினார். ராஜபாளையம் தாண்டியதும் வானம் வெளுத்துவிட்டது. சாயங்கால வெயில் முதுகில் சுள்ளென்று அடித்தது. முதுகுப்பையில் தொங்கிய தகடு சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது என் போனில் முப்பத்தெட்டு சதவீதம் ஏறியிருந்தது.

அக்கா வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். மச்சானின் முகத்தை, தோளை, இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முதுகில் தொங்கியதைப் பார்த்து, "இது என்ன தம்பி?" என்றார்.

"சோலார், அக்கா," என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யாராவது போனை எடுக்காவிட்டால், சோலாரில் சார்ஜ் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். விசேஷ வீடுகளில் என்னைக் கூப்பிட்டுக் கதை சொல்லச் சொல்வார்கள். பாறைக்குப் பாறை ஓடியதை நடித்தே காட்டுவேன். டீக்கடையோடு நிறுத்திக்கொள்வேன். மச்சானும் சேர்ந்து சிரிப்பார்.

போன மாதம் ஒரு காதுகுத்தில் அப்படிச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில் அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கடைசியா ஒருத்தரப் பாக்கச் சொன்னாக தம்பி. பாத்தேன், இவுக இல்ல. சாமி, நீ நல்லா இருப்பன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அந்த மனுசன் பொண்டாட்டி எம் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தா."

குழாயை மூடினார்.

"இப்பவும் பஸ்ல அவளப் பாப்பேன். என்னையப் பாத்தா தள்ளி உக்காந்து இடம் குடுப்பா."

பந்தியிலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து புதுச் சம்பந்தக்காரர்கள் வந்திருக்கிறார்களாம், அவர்கள் கேட்டதில்லையாம், முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம்.

போய்ச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.